பாயிண்டர் யாருடைய மெமரியைக் காட்டுகிறது?

சி மொழியில் பாயிண்டர் என்பது ஓர் எண். 64-பிட் கணினியில் எட்டு பைட் நீளமுள்ள எண். மெமரியில் ஏதோ ஓர் இடத்தின் முகவரி. நிரல் ஓடும்போது அந்த எண்ணைத் தவிர வேறெதுவும் அதோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. அந்த இடத்தில் இருப்பது இன்ட் என்ற முழு எண்ணா, கேர் என்ற ஓர் எழுத்தா, பல உறுப்புகள் சேர்ந்த பெரிய ஸ்ட்ரக்ட்டா என்பதெல்லாம், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் தன்னிடம் வைத்திருக்கும் கணக்கு. கம்பைல் முடிந்ததும் அந்தக் கணக்கு கலைந்துவிடும். ப்ராசஸருக்கு மிஞ்சுவது எண் மட்டுமே.

ஆகவே பாயிண்டரின் டைப்பில், அதாவது அது காட்டும் பொருளின் வகையில், நேரும் தப்பைப் பிடிக்க ஏற்ற நேரம், நிரல் ஓடத் தொடங்குவதற்கு முன்புதான். நிரலை ஓட்டாமல், எழுதி வைத்த வரிகளை மட்டும் படித்துத் தப்பு சொல்லும் கருவிகளுக்கு ஸ்டேட்டிக் அனாலிசிஸ் கருவிகள் என்று பெயர். அவை பாயிண்டர் டைப்பை எப்படிச் சரிபார்க்கின்றன என்பதை, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்காக எழுதப்பட்ட ஸ்பார்ஸ் என்ற கருவியை வைத்து இங்கே பார்க்கலாம். அதன் அடிப்படை யோசனை மிக எளிது. அது தடுக்கும் தப்போ, முழுக் கணினியையும் வேறொருவர் கையில் கொடுத்துவிடக் கூடியது. அதனால்தான் மற்ற கருவிகளை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொண்டேன்.

கம்பைலரே பார்க்காதா?

பார்க்கும், ஓரளவுக்கு. இன்ட் பாயிண்டரை எடுத்து கேர் பாயிண்டரில் அப்படியே போடுவது சி மொழியின் விதிக்கு மாறானது. ஆனாலும் ஜிசிசி கம்பைலர் நீண்ட காலம் ஓர் எச்சரிக்கையோடு அதை விட்டுவிட்டு வேலையை முடித்துக் கொடுத்து வந்தது. 2024-இல் வெளியான ஜிசிசி 14 முதல்தான் அது பிழையாகக் கருதப்பட்டு, கம்பைல் அங்கேயே நிற்கிறது.

அதுவும் முன்வாசல் மட்டும்தான். சி மொழியில் பின்வாசல்கள் உண்டு. டைப் எதுவும் சொல்லாத வாய்ட் பாயிண்டர் எந்த டேட்டா பாயிண்டரில் இருந்தும் சத்தமில்லாமல் வரும், எந்த டேட்டா பாயிண்டருக்கும் சத்தமில்லாமல் போகும். காஸ்ட், அதாவது "இதை இந்த டைப்பாக எடுத்துக்கொள்" என்ற குறிப்பு, போட்டால் எதையும் எதுவாகவும் மாற்றலாம். எழுதியவர் தெரிந்துதான் செய்கிறார் என்று கம்பைலர் நம்பிக்கொள்ளும். கண்டிப்பான சோதனையைக் கம்பைலருக்கு வெளியே தனிக் கருவியாக வைக்கும் வழக்கம் பழையது. 1970-களிலேயே பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சன் எழுதிய லின்ட், அந்த வேலைக்காகப் பிறந்ததுதான்.

ஆனால் எவ்வளவு கண்டிப்பான சி கம்பைலராக இருந்தாலும், பாயிண்டரைப் பார்த்து அது கேட்பது ஒரே கேள்விதான்: அங்கே என்ன மாதிரிப் பொருள் இருக்கிறது? அந்த இடம் யாருடையது என்று அது கேட்பதில்லை. சாதாரண நிரலில் கேட்கத் தேவையும் இல்லை. நிரலின் மெமரி முழுவதும் அந்த நிரலுக்கே சொந்தம். கெர்னலுக்குள் போனால் நிலைமை மாறிவிடும். "காந்தி தெரு, 12-ஆம் எண்" என்று மட்டும் எழுதிய கடிதம் மாதிரி: எந்த ஊர் என்று தெரியாமல் எண்ணை மட்டும் நம்பிப் போனால், ஏதோ ஒரு வீட்டுக் கதவு திறக்கும், நாம் தேடிய வீடாக அது இருக்க வேண்டும் என்பதில்லை.

கெர்னலுக்கு வெளியிலிருந்து வரும் முகவரி

ஒரு நிரல் கோப்பில் எதையாவது எழுத வேண்டுமென்றால் கெர்னலைக் கூப்பிடுகிறது. எழுத வேண்டிய எழுத்துகள் தன் மெமரியில் எங்கே இருக்கின்றன என்று ஒரு பாயிண்டரைக் கொடுக்கிறது. அந்த எண் கெர்னலின் ஃபங்ஷனுக்குள் வந்து சேர்கிறது. அங்கே கெர்னலுக்குச் சொந்தமான பாயிண்டர்களும் இருக்கின்றன. இரண்டும் எட்டு பைட் எண்கள். இரண்டும் கேர் பாயிண்டர்கள். சி கம்பைலரின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

வெளியிலிருந்து வந்த முகவரியைக் கெர்னல் நேரடியாகத் திறந்து படிக்கக் கூடாது. முதல் காரணம், கொடுப்பவர் பொய் சொல்லலாம். இன்றைய 64-பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் வழக்கமான அமைப்பில் முகவரிகளின் கீழ்ப்பகுதியில் 128 டெராபைட் பயனர் நிரலுக்கு, மேல்பகுதி கெர்னலுக்கு. கெட்ட எண்ணம் உள்ள ஒரு நிரல் மேல்பகுதியில் உள்ள ஓர் எண்ணை "என் பஃபர் இதுதான்" என்று கொடுத்தால், கெர்னல் தன் ரகசியத்தைத் தானே படித்துக் கொடுக்கும். எழுதும் வேலையாக இருந்தால் இன்னும் மோசம், தன் மெமரியைத் தானே அழித்து எழுதும். இரண்டாவது, அந்த முகவரியில் எதுவுமே இல்லாமல் இருக்கலாம், அல்லது மெமரியின் அந்தத் துண்டு (பக்கம் என்பார்கள்) அப்போது டிஸ்க்கில் இருக்கலாம். மூன்றாவது, சில கணினி வகைகளில் பயனருக்கும் கெர்னலுக்கும் முகவரிகளின் பரப்பே, அதாவது முகவரி வெளியே (அட்ரஸ் ஸ்பேஸ்), தனித்தனி. ஐபிஎம் மெயின்ஃப்ரேம்களின் எஸ்390 அப்படிப்பட்டது. அங்கே ஒரே எண் இரண்டு வெவ்வேறு இடங்களைக் குறிக்கும்.

அதனால் கெர்னலில் இதற்கென்றே ஃபங்ஷன்கள் உண்டு. காப்பி_ஃப்ரம்_யூசர் என்பது பயனர் மெமரியிலிருந்து கெர்னல் மெமரிக்குப் பிரதி எடுக்கும், காப்பி_டு_யூசர் எதிர்த்திசையில். முகவரி பயனருடைய எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நடுவில் சிக்கல் வந்தால் விழாமல் சமாளித்து, எத்தனை பைட் பிரதி எடுக்க முடியவில்லை என்று சொல்லும். பூஜ்யம் வந்தால் எல்லாம் நலம்.

இவற்றை மறந்துவிட்டு நேரடியாகத் திறந்தால் என்ன ஆகும்? பல ஆண்டுகளாக இன்டெல் கணினிகளில் ஒன்றும் ஆகாது. கெர்னல் ஓடும்போது பயனரின் பக்கங்களும் பார்வைக்குள்ளேயே இருந்ததால், தப்பான வரி சரியாகவே வேலை செய்யும். சோதித்துப் பார்த்தவர் "ஓடுகிறதே" என்று அனுப்பிவிடுவார். 2014-இல் வந்த பிராட்வெல் ப்ராசஸர்களில்தான் இன்டெல் இதை வன்பொருளிலேயே தடுக்கும் ஸ்மாப் வசதியைச் சேர்த்தது. அதற்கு முன்னால் இந்தப் பிழை ஓடும் நிரலில் தன்னைக் காட்டிக்கொள்ளாது. தாக்குபவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத பிழையை, படித்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்டேட்டிக் அனாலிசிஸ் வெறும் சௌகரியம் அல்ல, இங்கே அது அவசியம் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

டைப்போடு சேரும் ஒரு குறி

2003-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஸ்பார்ஸை எழுதத் தொடங்கினார். அவர் எடுத்த வழி இது: "இது பயனருடைய முகவரி" என்ற செய்தியை டைப்பின் ஒரு பகுதியாகவே ஆக்கிவிடுவது. அதற்காகக் கெர்னல் நிரலில் __யூசர் என்று ஒரு குறி. பயனரிடமிருந்து வரும் பாயிண்டரை அறிவிக்கும்போது, கேர் என்ற சொல்லுக்கும் நட்சத்திரக் குறிக்கும் இடையில் அதை எழுதுவார்கள்.

அந்தக் குறி ஒரு மேக்ரோ, அதாவது கம்பைலுக்கு முன் வேறு சொற்களாக விரியும் சுருக்கச் சொல். ஸ்பார்ஸ் படிக்கும்போது அது இரண்டு பண்புகளாக விரியும்: ஒன்று, இந்த முகவரி எந்த வெளியைச் சேர்ந்தது, மற்றொன்று, இதை நேரடியாகத் திறக்கக் கூடாது. சாதாரணமாகக் கம்பைல் செய்யும்போது அதே மேக்ரோவுக்கு வேலையில்லை. இயந்திர மொழியில் ஒரு கட்டளைகூட அதிகமாகாது. ஓடும் வேகத்தில் எந்த இழப்பும் இல்லாமல் கிடைக்கும் பாதுகாப்பு இது.

இப்போது கருவி என்னதான் செய்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். ஒரு சின்ன டிரைவர், அதாவது ஒரு சாதனத்தை இயக்கும் கெர்னல் நிரல். பயனர் 1 என்று எழுதினால் விளக்கு எரிய வேண்டும். டிரைவரின் ரைட் ஃபங்ஷனுக்கு இரண்டாவது ஆர்கியூமென்ட்டாகப் பயனரின் பஃபர் வருகிறது. அதன் பெயர் பஃப். எழுதியவர் __யூசர் என்று போடாமல், வெறும் கான்ஸ்ட் கேர் பாயிண்டராக (கான்ஸ்ட் என்றால் அதன் வழியாக மதிப்பை மாற்றக் கூடாது) அறிவித்துவிட்டு, பஃப்[0] == '1' என்று சோதிக்கிறார்.

ஸ்பார்ஸ் முதலில் கம்பைலரைப் போலவே கோப்பைப் படித்து, மேக்ரோக்களை விரித்து, வாக்கியங்களை மரமாக அடுக்குகிறது. பிறகு மரத்தின் அடியிலிருந்து மேலே ஏறியபடி ஒவ்வொரு கிளைக்கும் டைப் கணக்கிடுகிறது. அந்த டிரைவர் தன் ரைட் ஃபங்ஷனைக் கெர்னலிடம் பதிவு செய்ய, ஃபைல்_ஆப்பரேஷன்ஸ் என்ற ஸ்ட்ரக்ட்டில் அதை நிரப்ப வேண்டும். அந்த ஸ்ட்ரக்ட்டின் அறிவிப்பு, பல கோப்புகள் பகிர்ந்துகொள்ளும் ஹெடர் கோப்பில் இருக்கிறது. அங்கே இரண்டாவது ஆர்கியூமென்ட்டுக்கு __யூசர் குறி உண்டு. ஸ்பார்ஸ் இரண்டு டைப்புகளையும் பக்கத்தில் வைத்து, அடுக்கடுக்காக உரித்துப் பார்க்கிறது. இரண்டும் பாயிண்டர், இரண்டும் கேரைக் காட்டுகின்றன, இரண்டிலும் கான்ஸ்ட் இருக்கிறது. முகவரி வெளி மட்டும் வேறு. உடனே இரண்டாவது ஆர்கியூமென்ட் பொருந்தவில்லை, முகவரி வெளிகள் வேறுபடுகின்றன என்று எச்சரிக்கை.

எழுதியவர் இப்போது தன் ஃபங்ஷனிலும் __யூசர் சேர்க்கிறார். அந்த எச்சரிக்கை போய், வேறொன்று வருகிறது. பஃப்[0] என்பதற்கு சி மொழியில் பொருள், பஃப்பின் முகவரியோடு பூஜ்யத்தைக் கூட்டி அந்த இடத்தைத் திற என்பது. கூட்டல் வரைக்கும் ஸ்பார்ஸுக்கு ஆட்சேபம் இல்லை. முகவரியைக் கூட்டிக் கழிப்பதால் யாருக்கும் தீங்கில்லை. திறக்கும் இடத்தில்தான், திறக்கக் கூடாதென்று குறிக்கப்பட்டதைத் திறக்கிறாய் என்கிறது. இதே காரணத்தால், பயனர் ஸ்ட்ரக்ட்டின் ஓர் உறுப்பின் முகவரியை மட்டும் எடுத்தால் அது சும்மா இருக்கும். உறுப்பின் மதிப்பைப் படித்தால் மட்டுமே கத்தும்.

ஆக, அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கெர்னல் பக்கம் ஒரு கேர் வேரியபிளை வைத்து, காப்பி_ஃப்ரம்_யூசர் மூலம் ஒரு பைட்டைப் பிரதி எடுத்து, தோல்வியானால் பிழைக் குறியீட்டைத் திருப்பி, வெற்றியானால் அந்தப் பிரதியைச் சோதிப்பது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம், உண்மை பரவும் விதம். ஹெடரில் ஒரே ஓர் இடத்தில் குறி போட்டால், அதைத் தொடும் ஒவ்வொரு டிரைவரும் பதில் சொல்லியாக வேண்டும். அந்த டிரைவர் குறியை ஏற்றுக்கொண்டால், அது கூப்பிடும் துணை ஃபங்ஷன்கள் பதில் சொல்ல வேண்டும். ஸ்பார்ஸ் ஒரு நேரத்தில் ஒரு கோப்பை மட்டுமே பார்க்கிறது. ஆனால் எல்லாக் கோப்புகளும் அதே ஹெடர்களை நம்பியிருப்பதால், ஃபங்ஷனின் அறிவிப்பே இரு பக்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தமாகிவிடுகிறது.

குறிகள் இது ஒன்றோடு நிற்கவில்லை. சாதனங்களின் ரெஜிஸ்டர்களைக் காட்டும் முகவரிகளுக்கு __ஐஓமெம். பூட்டு இல்லாமல் பலர் படிக்கும் தரவைக் காட்டும் பாயிண்டர்களுக்கு __ஆர்சியு. ஒவ்வொரு சிபியு-வுக்கும் தனிப் பிரதி உள்ள மாறிகளுக்கு __பெர்சிபியு. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அதே யோசனைதான். பாயிண்டரே இல்லாத சாதாரண எண்ணுக்கும் இது நீண்டது: பைட் வரிசை மாறக்கூடிய எண்களுக்குத் தனி டைப் கொடுத்து, மாற்றாமல் கூட்டினால் எச்சரிக்கும். கூடவே ஒரு சின்னக் கண்டிப்பும் உண்டு. எந்த இடத்தையும் காட்டாத வெற்றுப் பாயிண்டருக்கு நல் (NULL) என்று எழுதாமல் 0 என்று எழுதினால், வெறும் எண்ணைப் பாயிண்டர் இடத்தில் வைக்கிறாய் என்று சொல்லும்.

காஸ்ட் என்ற பின்வாசல்

சி மொழியில் காஸ்ட் போட்டுத் தப்பிக்கலாம் என்று சொன்னேன். ஸ்பார்ஸிடம் அது அவ்வளவு எளிதில் நடக்காது. பயனர் பாயிண்டரைச் சாதாரணப் பாயிண்டராகக் காஸ்ட் செய்தால், இந்தக் காஸ்ட் முகவரி வெளியை அழிக்கிறது என்று சொல்லும். வேண்டுமென்றே செய்வதானால் காஸ்ட்டுக்குள் __ஃபோர்ஸ் என்று எழுத வேண்டும். அப்போது கருவி ஒதுங்கிக்கொள்ளும். எழுதியவர் தன் பொறுப்பில் செய்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும்படி நிரலிலேயே பதிந்துவிடும். பிறகு யார் வேண்டுமானாலும் அந்தச் சொல்லைத் தேடி ஒவ்வொன்றையும் விசாரிக்கலாம்.

இயல்பான அமைப்பில் அன்சைன்ட் லாங் எண்ணாக மாற்றினால் மட்டும் ஸ்பார்ஸ் சும்மா விட்டுவிடும். அங்கிருந்து மீண்டும் பாயிண்டராக மாற்றினால் பழைய குறி போன இடம் தெரியாது. முகவரியை எண்ணாகக் கையாள வேண்டிய நியாயமான இடங்கள் கெர்னலில் ஏராளம் என்பதால் இந்தத் தளர்வு. ஓட்டை ஓட்டைதான், தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கையால் எழுதாமல் ஊகிக்க முடியாதா?

ஸ்பார்ஸின் பெரிய செலவு மனித உழைப்பு. குறிகளை மனிதர்கள் எழுத வேண்டும். இதற்கு மாற்றாக, சில இடங்களில் மட்டும் குறி போட்டுவிட்டு மீதியைக் கருவியே ஊகிக்கும் வழி ஒன்று உண்டு. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான சி-குவால் அப்படிப்பட்டது. பயனர் மதிப்பு நுழையும் ஃபங்ஷன்களுக்கு மட்டும் குறி போதும். "இந்த வேரியபிள் அந்த வேரியபிளுக்குப் போகிறது, எனவே இதன் குறி அதற்கும் உண்டு" என்று சமன்பாடுகளைத் திரட்டி, கடைசியில் ஒரே பாயிண்டர் பயனருடையதாகவும் கெர்னலுடையதாகவும் ஆக வேண்டிய முரண் எங்கே வருகிறது என்று தேடும்.

ராப் ஜான்சனும் டேவிட் வாக்னரும் 2004-இல் இதை லினக்ஸ் கெர்னலில் ஓட்டி, தாக்குதலுக்குப் பயன்படக்கூடிய 17 பிழைகளைக் கண்டுபிடித்தார்கள். அவற்றில் சில, அனுபவசாலிகள் கவனமாகக் கண்ணால் படித்தும் தப்பித்தவை. ஊகிக்கும் முறை அவ்வளவு வலிமையானது. இருந்தும் கெர்னல் உலகில் நிலைத்தது ஸ்பார்ஸ்தான். எனக்கு அதன் காரணம் தெளிவாகவே படுகிறது: கையால் எழுதிய குறி, கருவிக்கு மட்டுமல்ல, அடுத்து அந்த வரியைப் படிக்கும் மனிதருக்கும் பேசுகிறது. ஊகித்த குறி கருவியின் வயிற்றுக்குள்ளேயே இருந்துவிடுகிறது. எச்சரிக்கை வரும்போதும், ஸ்பார்ஸ் காட்டும் வரியில்தான் பெரும்பாலும் சிக்கலே இருக்கும். ஊகிக்கும் கருவியில் முரண் தெரியும் இடமும் தப்பு நடந்த இடமும் பல ஃபங்ஷன்கள் தள்ளி இருக்கலாம்.

டைப் சரி, மதிப்பு தப்பு

இனி மிக முக்கியமான எல்லை. டைப் சோதனை, பாயிண்டர் எந்த இனம் என்று மட்டும் சொல்லும். அந்த இனத்துக்குரிய கடமைகள் முடிந்தனவா என்று சொல்லாது.

2017-இல் லினக்ஸ் 4.13-இல் வெயிட்ஐடி என்ற சிஸ்டம் காலில் (நிரல் கெர்னலைக் கூப்பிடும் வழிகளில் ஒன்று) ஒரு பெரிய ஓட்டை வெளிப்பட்டது. அதன் பதிவு எண் சிவிஇ-2017-5123. பிள்ளை ப்ராசஸின் நிலையைப் பயனர் கொடுத்த முகவரியில் எழுதுவது அதன் வேலை. பல உறுப்புகளை வரிசையாக எழுத வேண்டியிருந்ததால், ஒவ்வொரு முறையும் எல்லை சோதிக்காமல், முதலில் ஒருமுறை சோதித்துவிட்டுப் பிறகு வேகமாக எழுதும் வகை ஃபங்ஷன்களைப் பயன்படுத்தினார்கள். அந்த முதல் சோதனையான ஆக்சஸ்_ஓகே விடுபட்டுப் போனது. விளைவு, சாதாரணப் பயனர் ஒருவர் கெர்னல் முகவரியைக் கொடுத்து, கெர்னலையே அங்கே எழுத வைக்க முடிந்தது.

அந்தப் பாயிண்டரில் __யூசர் குறி ஒழுங்காக இருந்தது. எழுதிய ஃபங்ஷனும் பயனர் பாயிண்டரை வாங்கும் ஃபங்ஷன்தான். டைப்பில் ஒரு குறையும் இல்லை. ஸ்பார்ஸ் வாய் திறக்கக் காரணமே இல்லை. முதலில் விடுபட்ட சோதனையைச் சேர்த்து ஓட்டையை அடைத்தார்கள். பிறகு 2019-இல், வேகமாக எழுதும் பகுதியைத் தொடங்கி வைக்கும் யூசர்_ஆக்சஸ்_பிகின் என்ற ஃபங்ஷனுக்குள்ளேயே அந்தச் சோதனையை டோர்வால்ட்ஸ் சேர்த்துவிட்டார். மறந்துவிட முடியாத இடத்தில் சோதனையை வைத்தது, எந்தக் கருவி சேர்ப்பதைவிடவும் நல்ல திருத்தம் என்பேன்.

மதிப்புகளின் போக்கைப் பின்தொடர வேறு வகைக் கருவிகள் வேண்டும். டேன் கார்ப்பெண்டர் எழுதிய ஸ்மாட்ச் அதில் ஒன்று. நிரலைப் படித்து மரமாக்கும் வேலைக்கு அது ஸ்பார்ஸையே பயன்படுத்திக்கொள்கிறது. அதற்கு மேல், இந்த வரிக்கு வரும்போது இந்தப் பாயிண்டர் வெற்றாக இருக்க வாய்ப்புண்டா, முன்பே திறந்துவிட்டுப் பின்னால் சோதிக்கிறார்களா என்று ஒவ்வொரு பாதையாக நடந்து பார்க்கிறது. இப்படித் திறந்துவிட்டுச் சோதிப்பது அற்பத் தப்பல்ல. 2009-இல் லினக்ஸ் 2.6.30-இன் டன் (TUN) என்ற நெட்வொர்க் டிரைவரில் இருந்தது அதுவே. ஏற்கெனவே திறந்தாகிவிட்டது, ஆகவே இது வெற்றாக இருக்க முடியாது என்று முடிவு கட்டி, ஜிசிசி பின்னால் இருந்த சோதனையையே நீக்கிவிட்டது. அந்த வழியாகக் கெர்னலைக் கைப்பற்ற முடிந்தது.

ஓட்டிப் பார்க்க விரும்பினால்

உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளில் ஸ்பார்ஸ் தொகுப்பாகவே கிடைக்கிறது. கெர்னல் மூலநிரலை இறக்கி, அமைப்பைத் தயார் செய்துவிட்டு, மேக் கட்டளையோடு சி=1 என்று சேர்த்தால், புதிதாகக் கம்பைல் ஆகும் கோப்புகளை மட்டும் ஸ்பார்ஸ் படிக்கும். சி=2 என்றால் ஏற்கெனவே கம்பைல் ஆனவற்றையும் சேர்த்து எல்லாவற்றையும் படிக்கும். முதல் முறை முழுக் கெர்னலுக்கும் ஓட்டாதீர்கள்; வரும் எச்சரிக்கைகளில் திக்குமுக்காடிப் போவீர்கள். டிரைவர்கள் கோப்புறைக்குள் ஸ்டேஜிங் என்று ஒரு பகுதி உண்டு. இன்னும் பக்குவப்படாத டிரைவர்கள் அங்கே இருக்கின்றன. புதியவர்கள் கை பழக ஏற்ற இடம்.

ஒவ்வொரு எச்சரிக்கையிலும் எதிர்பார்த்த டைப் ஒன்று, கிடைத்த டைப் ஒன்று என இரண்டு வரிகள் வரும். இரண்டையும் மேலும் கீழுமாக வைத்து, எந்தச் சொல் ஒன்றில் இருந்து மற்றதில் இல்லை என்று தேடுங்கள். பிறகு அந்தப் பாயிண்டர் எங்கே பிறந்தது என்று பின்னோக்கிப் போங்கள்: யார் கூப்பிட்டார்கள், அவர்களுக்கு யார் கொடுத்தார்கள். பயனரிடமிருந்தே வந்திருந்தால், வழி நெடுக __யூசர் குறி சேர்த்து, கடைசியில் திறக்கும் இடத்தைப் பிரதி எடுக்கும் ஃபங்ஷனாக மாற்றுங்கள். கெர்னலுக்குள்ளேயே பிறந்திருந்தால், தப்பாகக் குறி போட்ட அறிவிப்பைத் திருத்துங்கள். எச்சரிக்கையை நிறுத்துவதற்காக மட்டும் __ஃபோர்ஸ் போட்டு அனுப்பினால், கெர்னல் பராமரிப்பாளர்கள் கேட்கும் முதல் கேள்வி, இந்தப் பாயிண்டர் உண்மையில் எங்கிருந்து வருகிறது என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் தெரியாமல் அந்த மாற்றத்தை அவர்கள் ஏற்க மாட்டார்கள்.